சம்மட்டியார் கட்டிய கோழிக்கூண்டு

சம்மட்டியார் இதுவரை உடைத்தவற்றை முழுதாகச் சொல்லி முடிக்க ஒருவராலும் ஆகாது. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிட்டுக் கோழிக்குப் போய்விடலாம். சொந்த வீட்டுக் குளியலறைக் கதவை உடைத்தார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, உள்ளே நின்று யோசிக்கப் பொறுமையில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் முன்பல்லை உடைத்தார். கேட் கோணலாக இருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னார். கேட் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நல்ல மிக்ஸியைச் சத்தம் போடுகிறது என்பதற்காகச் சுவரில் அடித்தார். அதற்குப் பிறகு அது சத்தம் போடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

தெரு அவருக்கு வைத்த பெயர் சம்மட்டி. வயதையும் உடம்பையும் உத்தேசித்து நாம் ஒரு 'யார்' சேர்த்துக்கொள்வோம். இரும்புப் பட்டறைக்காரர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். தொழிலில் அவருக்கு ஒரே கொள்கைதான்: சேர்த்த இரும்பு பிரியக் கூடாது. போல்ட், நட், திருகாணி இவையெல்லாம் மனசு உறுதியில்லாதவர்களுக்காக யாரோ கண்டுபிடித்தது என்பது அவர் கருத்து. எதையும் வெல்டிங் வைத்தே மூடுவார். இந்தக் கொள்கைக்கு அவர் கொடுத்த விலை அவருடைய மூக்கு. வருஷக்கணக்காகத் துத்தநாகத் தகட்டுப் புகையை இழுத்து இழுத்து, அது முகத்தில் இருக்கிறதே தவிர உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. சாதம் அடிப்பிடித்துக் கருகினாலும், பால் புளித்தாலும் அவருக்கு ஒன்றுதான். "எதைப் போட்டாலும் குறை சொல்லாம சாப்பிடற மனுஷன்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கொஞ்ச காலம் அவர் மனைவியிடம் பொறாமைப்பட்டதும் உண்டு.

மனைவி மேல் மட்டும் அவர் கை பட்டதில்லை. ஒரே ஒருமுறை ஓங்கினார். அந்தம்மா ஓங்கிய கையை ஒரு பார்வை பார்த்தாள், அடுப்பை அணைத்தாள், பையை எடுத்துக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். திரும்பக் கூட்டிவரச் சம்மட்டியார் சம்பந்தி வீட்டு வாசலில் நாய்க்கும் செருப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கதை தனிக் கதை. அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் உலகத்தில் பயந்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான்: அந்த நீல நிறப் பைக்கு.

அந்தப் பை மறுபடி கட்டிலுக்கு மேல் ஏறியபோது அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மகளுக்குப் பிரசவம் என்று தெரிந்தபிறகுதான் மூச்சு வந்தது. புடவையை மடித்துக்கொண்டே அந்தம்மா சொன்னாள்:

"கொல்லையில கோழிங்க இருக்கு, சுவத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி இருக்கான். நான் வர்றப்போ ரெண்டும் முழுசா இருக்கணும். உங்க கையால ஏதாவது சேதாரம் ஆச்சுன்னா, பேரப்புள்ளைய வெச்சுக்கிட்டு நான் அங்கேயே இருந்துக்குவேன். சம்பந்தி வீட்டு வாசல்ல யார் வந்து உக்காந்தாலும் சரி, நான் வரமாட்டேன்."

கோழிகளைப் பற்றிச் சொன்னதைச் சம்மட்டியார் கடமையாக எடுத்துக்கொண்டார். மச்சானைப் பற்றிச் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொண்டார். எல்லாத் தவறும் இந்த இடத்தில்தான் பிறந்தது.

மச்சான் காருக்குப் பெயின்ட் அடிப்பவன். பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய கொட்டகை. ஒல்லியான ஆள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் மூக்கில் மூடி மாட்டிக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சம்மட்டியாருக்குக் கை அரிக்கும். புகைக்குப் பயந்தவன் ஆம்பிளையா என்று அவர் கேட்பார். "மோப்பம் பிடிக்கிற மூக்கு ஒண்ணாவது இந்த வளவுல இருக்கட்டும் மாமா" என்பான் அவன்.

அந்தம்மா ஊருக்குப் போன மறுநாளே பூனை வந்தது. பழைய கூண்டு மரச்சட்டத்தால் ஆனது, சட்டத்துக்குச் சட்டம் விரலளவு இடைவெளி. அந்த இடைவெளியில் பூனை கையை விட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடலைக் கோழியின் இறக்கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. சம்மட்டியார் ஓடிப்போய்ப் பார்த்தபோது இறக்கை வெளியேயும் கோழி உயிரோடு உள்ளேயும் கிடந்தன. எறிந்த ஸ்பானர் பூனையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது.

'சேதாரம்' என்ற சொல் அவர் காதில் மணியடித்தது. மரக்கூண்டை அடுப்புக்கு விறகாக்கினார். துத்தநாகத் தகட்டில் ஒரு கூண்டு கட்டினார். கூண்டு என்று சொல்வது மரியாதைக் குறைவு. அது ஒரு பெட்டகம். நான்கு பக்கமும் தகடு, மேலே தகடு, கீழே தகடு. மூலைகளில் எறும்பு நுழைய இடமில்லாமல் வெல்டிங். ஒரு ஆள் தலையை மட்டும் விடக்கூடிய சின்னக் கதவு, அதற்கு வங்கியில் போடுவதுபோல் ஒரு தாழ்ப்பாள். மழைக்காலமாக இருந்ததால், வாடைக்காற்று புகக் கூடாது என்று கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை வேறு. அடியில் கூட்டிப் பெருக்கவும் எச்சத்தை அள்ளவும் வழி வைக்கவில்லை. கோழி கூண்டுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை அவர் முழுமையாக யோசித்துப் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் கோழிகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து உள்ளே திணித்தார். அவற்றில் இரண்டுக்குப் பெயர் உண்டு. சேவல் இன்ஸ்பெக்டர், காரணமில்லாமல் யாரையும் அடிக்கும் என்பதால். வெள்ளைப் பெட்டை டீச்சர். எல்லாக் கோழியையும் தலையில் கொத்தும் என்பதால். இன்ஸ்பெக்டர் திணிக்கப்பட்டபோது சம்மட்டியாரின் மணிக்கட்டில் முள்ளால் ஒரு கோடு கிழித்தது. அவர் அதற்குக் கோபப்படவில்லை. வீரனுக்கு வீரன் மதிப்புக் கொடுத்தார்.

சில நாளில் டீச்சர் தும்மியது.

முதலில் அது சின்னத் தும்மல்தான், சுண்ணாம்புத் தூசு பட்டது போல. பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. மூக்கில் சளி கோத்தது, கண்ணில் நுரை கட்டியது, மூச்சு விடும்போது கர்கர் என்று ரம்பம் அறுக்கிற சத்தம் வந்தது. சம்மட்டியாருக்கு நோய்க்கான காரணம் உடனே புரிந்தது. எங்கோ காற்று புகுகிறது. கைவிளக்கை அடித்துத் தேடினார். கீலுக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. கோழிகளை வெளியே விட்டிருந்த நேரம் பார்த்து அதையும் வெல்டிங் வைத்து மூடினார்.

மறுநாள் நோய் கூடியது. பழைய தகரச் சட்டியில் தழை போட்டுப் புகை மூட்டி உள்ளே வைத்தார். அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. பூண்டை இடித்துச் சாறெடுத்து, கிரீஸ் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவி, அதில் ஊற்றிக் கோழிகளின் தொண்டைக்குள் அடித்தார். டீச்சர் அவருடைய கட்டைவிரலைச் சதையோடு கொத்தியது. மூக்கு அடைத்திருப்பதுதான் பிரச்சினை என்று தோன்றியதும், கேஸ் கட்டர் முனையில் அடைப்பெடுக்கும் மெல்லிய கம்பி ஊசிகளை எடுத்துவந்தார். முப்பது வருஷமாக எத்தனையோ முனைகளின் அடைப்பை அந்த ஊசிகளால் எடுத்தவர். கோழி மூக்கும் ஓட்டைதானே. இன்ஸ்பெக்டரை முழங்காலுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை விட்டார். அடைப்பு வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. இன்ஸ்பெக்டர் திமிறி எழுந்து அவர் புருவத்தைப் பிளந்தது. இரண்டு பேரும் ரத்தம் வடிய வடிய ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேவல் கூவ வாயைத் திறந்தது. துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது.

இதற்கிடையில் அவருக்குக் காலையில் கூண்டைத் திறக்கும்போதெல்லாம் கண் எரிந்து நீர் கொட்டியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அப்படித்தான் எரியும். தொழிலில் அது கணக்கிலேயே சேராது.

இறக்கை போன விடலைக் கோழிதான் முதலில் போனது. நோயால் போனது என்று சொல்ல முடியாது. சீக்கில் தலை தொங்கியதும் மற்றவை அதைச் சூழ்ந்துகொண்டு, இறக்கை பிய்ந்த புண்ணிலேயே கொத்தத் தொடங்கியிருக்கின்றன. காலையில் கதவைத் திறந்தபோது முதுகு இல்லாத ஒரு கோழி கிடந்தது. மற்ற எல்லாவற்றின் மூக்கும் சிவப்பு. டீச்சர் அந்த மூக்கைத் தகட்டில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அந்தம்மா போன் செய்தாள். பேரன் பிறந்திருக்கிறான், மூக்கு அப்படியே உங்களுடையது என்றாள். சம்மட்டியாருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கோழிகளெல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள். ராஜா மாதிரி இருக்கின்றன என்றார். சேவல் சத்தமே கேட்கவில்லையே என்றாள். அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கூவினார்.

"நான் வாரக் கடைசியில வர்றேன்" என்றாள் அந்தம்மா. வைத்துவிட்டாள்.

வாரக் கடைசி என்பது ரொம்பப் பக்கத்தில் இருந்தது. சம்மட்டியார் செத்த கோழியைக் கையில் பிடித்தபடியே கொல்லையில் நின்றார். அந்த நேரத்தில்தான் மச்சான் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். மூக்கு மூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான்.

"மாமா, சொன்னா கோச்சுக்காத. உன் கூண்டு நாறுது. எனக்கு இங்க நிக்க முடியல. அதுங்க எப்படி உள்ள படுக்குதுங்க?"

கூண்டைக் குறை சொன்னால் சம்மட்டியாருக்கு என்ன ஆகும் என்பது முன்பல் இல்லாத அந்த மனிதருக்குத் தெரியும். ஆனால் இம்முறை அதற்கு மேலும் ஒன்று நடந்தது. அவர் மூளையில் ஒரு கண்டுபிடிப்பு பளிச்சிட்டது. நாற்றம் என்று சொல்கிறானே, நாற்றம் எங்கிருந்து வருகிறது? இவன் கொட்டகையிலிருந்துதான். இவன் அடிக்கிற பெயின்ட்தான் சுவர் தாண்டி வந்து கோழி நெஞ்சில் படிகிறது. கொன்றவனே வந்து துக்கம் விசாரிக்கிறான்.

சுவரை அவர் சுற்றிப் போகவில்லை. ஏறிக் குதித்தார்.

கொட்டகையில் புதிதாக வெள்ளிநிறம் அடித்து ஒரு கார் காய்ந்துகொண்டிருந்தது. சம்மட்டியார் முதலில் செத்த கோழியால் அடித்தார். அது சரிப்படவில்லை, இறகுதான் பறந்தது. மச்சான் பின்வாங்கிக்கொண்டே, "மாமா, வேணாம், வண்டி ஈரமா இருக்கு" என்றான். அவனுக்கு அப்போதும் வண்டிக் கவலை. அவர் அவனைச் சட்டையோடு தூக்கிக் கார் மேல் சாத்தினார். மச்சான் கையில் பெயின்ட் துப்பாக்கி இருந்தது. அவர் முகத்தில் ஒரே வீச்சாக அடித்தான். புருவக் காயத்திலிருந்து காது வரைக்கும் சம்மட்டியார் வெள்ளியானார். கண் தெரியவில்லை. கண் தெரியாமலே குத்தினார். காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு சீறியது, டின்கள் உருண்டன, மச்சானின் பல் அவர் முழங்கையில் இறங்கியது. கடைசியாக அவர் கொடுத்த ஒரு குத்து நடு முகத்தில் விழுந்தது. தகடு வளைகிற சத்தம் அல்ல அது. வேறு சத்தம். எலும்பு.

வளவு முழுவதிலும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே மூக்கு அப்படித்தான் உடைந்தது.

தெருக்காரர்கள் மச்சானை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி, மறு கையால் காரைக் காட்டி என்னவோ சொன்னான். யாருக்கும் விளங்கவில்லை. சம்மட்டியார் மண்ணெண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு நடந்தார். எதிரியை ஒழித்தாயிற்று, இனி நோயாளிகளை மட்டும் கவனித்தால் போதும் என்று அவர் நம்பினார்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தாள். அன்று காலையிலேயே ஒரு மாடு அவள் காலை மிதித்திருந்ததால் கொஞ்சம் நொண்டினாள். பொறுமையும் கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தது. சம்மட்டியார் பக்கத்துக் கொட்டகையின் கொடுமையை விளக்கிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கூண்டின் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனாள். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"வெல்டிங் வெளிச்சம்மா. எங்க தொழில்ல அது சகஜம்."

"இன்னைக்கு வெல்டிங் வெச்சீங்களா?"

அவர் யோசித்தார். கீல் பக்கத்து ஓட்டையை அடைத்தபின் பட்டறையே திறக்கவில்லை.

"இல்ல."

"நேத்து?"

"இல்ல."

"அப்போ உள்ள தலையை விடுங்க. நான் சொல்றப்போ எடுத்தாப் போதும்."

சம்மட்டியார் சின்னக் கதவுக்குள் தலையை விட்டார். மூக்கு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் யாரோ மிளகாயை அரைத்துத் தேய்த்தார்கள். தொண்டையில் ஆணி இறங்கியது. நெஞ்சு மூடிக்கொண்டது. வெளியே எடுக்கப் பார்த்தால், நொண்டிக்கொண்டு வந்த அந்தச் சின்ன உருவம் பிடரியில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அவர் இருமினார். இருமிய சத்தம் தகட்டில் மோதித் திரும்பி வந்தது. கர்கர் என்று, ரம்பம் அறுப்பது போல.

விட்டபின் டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னாள். எச்சம் ஈரத்தில் ஊறிக் காரமான காற்றை விடும். அது போக வழி வேண்டும். வழியில்லாவிட்டால் கோழி அதையே விடிய விடிய இழுக்கும், தொண்டை வெந்துபோகும், வெந்த இடத்தில் கிருமி வந்து உட்காரும். பழைய மரக்கூண்டின் இடைவெளிகள் எதற்கு இருந்தன என்று நினைத்தீர்கள் என்றும் கேட்டாள். கடைசியாகக் கேட்டதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்களுக்குத்தான் நாத்தம் தெரியல. சரி. இந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தர்கூடவா சொல்லல?"

சம்மட்டியார் சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேல் யாரும் இல்லை.

அவள் போனதும் அவர் சம்மட்டியை எடுத்தார். தன் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு உறுதியாக எதையும் கட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தகடு வளைந்ததே தவிரப் பிரியவில்லை. இரும்பறுக்கும் கட்டிங் மெஷினால் மூலைகளை அறுத்தார், பொறி பறந்து கையைச் சுட்டது. கடப்பாரையால் நெம்பினார், தகடு துள்ளி வந்து முன்கையைக் கிழித்தது. ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து, மிதித்து, அடித்து, இரும்போடு ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார். சாயங்காலம் கொல்லையில் இரண்டு தகடுச் சுவரும் ஒரு கூரையும் மட்டும் நின்றன. மற்ற பக்கங்களில் கம்பி வலை. அதை ஆணியால் மட்டும் அடித்தார். போல்ட்டுக்கு இன்னும் அவர் வரவில்லை.

மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தார். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைத்தார். கோழியைப் பிடிக்கத் தோல் ஏப்ரனில் சுருட்டினால் போதும் என்று கண்டுபிடித்ததில் கொத்து பாதியாகக் குறைந்தது. நோய் முற்றியதை மட்டும் தனியே வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், இன்ஸ்பெக்டரைப் பட்டறையின் பின்னறையில் ஒரு தட்டோடும் ஒரு குவளையோடும் விட்டார். டீச்சர் ஒரு நாள் தீனி தின்றது. மறுநாள் பக்கத்துக் கோழியின் தலையில் கொத்தியது. குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

வாரக் கடைசியில் அந்தம்மா வந்தாள். நீலப் பையை வாசற்படிக்கு வெளியே வைத்தாள். படி ஏறாமல் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். கோழிகளைப் பார்த்தாள். இறந்துபோனதைப் பற்றி அவரே முந்திக்கொண்டு சொன்னார், கூண்டைப் பற்றியும் டாக்டரம்மா வந்ததைப் பற்றியும் சொன்னார், ஊசியைப் பற்றிக்கூடச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சம்மட்டியாருக்கு உயிர் வந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. கர்... கர்...

"இன்னொண்ணுக்கும் சளியா?" என்றாள்.

சுவருக்கு மேல் மச்சான் தலை எழுந்தது. நடு முகத்தில் வெள்ளைக் கட்டு. இரண்டு கண்ணுக்குக் கீழும் கருநீலம். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்கா" என்றான். "கம்ப்ரஸர் மேல விழுந்துட்டேன்."

அந்தம்மா கம்ப்ரஸரைப் பார்க்கவில்லை. கணவரின் வலது கையைப் பார்த்தாள். முட்டிகளில் தோல் உரிந்து, நகக்கண்ணில் வெள்ளிநிறம் போகாமல் இருந்தது. அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள்.

"நோவு வந்ததுக்கு டாக்டரம்மா என்ன பண்ணச் சொன்னாங்க?"

சம்மட்டியார் பாடம் ஒப்பித்தார். தனியே வைக்கணும். தட்டும் குவளையும் தனி. தொட்டவங்க கையைக் கழுவிக்கணும். டாக்டர் சொல்ற வரைக்கும் மத்ததோட சேர்க்கக் கூடாது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"கோழி செத்தது நீங்க தெரியாம செஞ்சது" என்றாள் அந்தம்மா. "இது தெரிஞ்சு செஞ்சது."

அவள் கத்தவில்லை. பஸ்ஸும் ஏறவில்லை. குழாயடியில் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

இப்போது சம்மட்டியார் பட்டறையின் பின்னறையில் இருக்கிறார். ஒரு மடக்குக் கட்டில், ஒரு தட்டு, ஒரு குவளை. கதவின் அடி இடுக்கு வழியாகச் சாப்பாடு உள்ளே தள்ளப்படுகிறது. அறையில் ஏற்கெனவே குடியிருக்கும் இன்ஸ்பெக்டர் தன் தட்டைத் தின்று முடித்துவிட்டு அவருடைய தட்டுக்கு வருகிறது. விரட்டினால் முழங்காலுக்குக் கீழே பாய்கிறது. இரண்டு காலிலும் கட்டு. அவர் திருப்பி அடிப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கை அப்படி உட்காருவதற்கு இன்னும் பழகவில்லை. அவ்வப்போது தானாகவே மூடிக்கொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறார்.

அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. கம்பிகளை அவரே வெல்டிங் வைத்தார், ஒன்றுகூட அசையாது. அதன் வழியே வாசற்படி தெரியும். முதல் நாள் நீலப் பை படிக்கு வெளியே இருந்தது. பிறகு மழைக்காக யாரோ படிமேல் எடுத்து வைத்தார்கள். இன்று காலையில் அந்தம்மா அதைத் திறந்து ஒரு துண்டை மட்டும் எடுத்தாள், மறுபடி மூடினாள். துண்டைத் தம்பியிடம் கொடுத்து, வெந்நீரில் நனைத்து மூக்கில் வைக்கச் சொன்னாள்.

சம்மட்டியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர் அவருடைய காலைக் குறிபார்த்து இறக்கையை விரித்தது.